பாதியில் நிற்கும் படங்கள்: அந்தமான் ஹேடோவின் தமிழ்த் திரை ஆர்வலர்களுக்கு ஒரு திறந்த மடல்



"ஏதோ மிஸ்ஸிங்", "செகண்ட் ஆஃப் ஒரே இழுவை", "கிளைமாக்ஸைப் பொசுக்குனு முடிச்சுட்டாங்க", "அந்தத் தங்கச்சி கேரக்டர் என்னதான் ஆச்சு?" என்று, படம் முழுமையாக இல்லை என்ற குறையைப் பார்வையாளர்கள் பல விதமாகச் சொல்கிறார்கள். சொல்கிற விதம் வேறானாலும் குறை பெரும்பாலும் ஒன்றுதான். எந்தப் படமும் தொடங்கிய அரைமணி நேரத்துக்குள் சில கேள்விகளை எழுப்பிவிடுகிறது: இவனுக்கு என்ன வேண்டும், யார் குறுக்கே நிற்கிறார்கள், அதற்காக இவன் எதை இழக்கத் தயார். பார்ப்பவர் இவற்றைத் தம்மை அறியாமலே மனத்தில் குறித்துக்கொள்கிறார். படம் அந்தக் கேள்வியை நடுவழியில் மறந்தாலோ, அடுத்த பாகத்துக்குத் தள்ளிப்போட்டாலோ, பாத்திரம் எதையும் இழக்காமல் விடை கிடைத்துவிட்டாலோ, அரங்கைவிட்டு வெளியே வருகிறவருக்கு ஒரு வெறுமை மிஞ்சுகிறது. செலவும் நீளமும் நட்சத்திரங்களும் அந்த வெறுமையை நிரப்புவதில்லை. பி.எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்' ஒன்றேகால் மணி நேரப் படம். குடிகாரத் தகப்பன் ஒருவன் கோபித்துக்கொண்டு போன மனைவியை அழைத்துவரப் பள்ளிக்கூடத்துப் பையனையும் இழுத்துக்கொண்டு போகிறான். வெயிலில் நடந்தே ஊர் திரும்புகிறார்கள். கதை அவ்வளவே. 2021 இல் ரோட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது பெற்ற அந்தப் படத்தில் ஒன்று விட்டுப்போனதாகச் சொல்ல இடமே இல்லை.

அதே இயக்குநரின் 'கொட்டுக்காளி' 2024 ஆகஸ்ட் 23 அன்று திரைக்கு வந்தபோது, படம் பாதியில் நின்றுவிட்டதாகப் பலர் சொன்னார்கள். இந்தப் பேச்சைச் சற்று நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் திறந்த முடிவையும் அரைகுறை முடிவையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வது இங்கேதான் நடக்கிறது. வேறு சாதிப் பையனை விரும்பிய மீனாவுக்குப் பேய் பிடித்திருப்பதாக முடிவுகட்டி, அவளைக் கட்டிக்கொள்ளவிருக்கும் பாண்டியும் உறவுக்காரர்களும் ஆட்டோவில் ஏற்றிச் சாமியாடியிடம் கொண்டுபோகிறார்கள். மீனா படம் முழுக்க ஏறக்குறைய ஊமையாக இருக்கிறாள்; கூடவே பலிக்கான சேவலும் வருகிறது. பின்னணி இசை கிடையாது. போய்ச் சேர்ந்த இடத்தில் வேறொரு பெண்ணுக்கு நடக்கும் 'வைத்தியத்தை' பாண்டி பார்க்கிறான். அவன் மனம் கலங்குவது தெரிகிறது. அடுத்து என்ன செய்தான் என்று சொல்லாமலே படம் நின்றுவிடுகிறது.

படம் எழுப்பிய கேள்வி மீனா மனம் மாறுவாளா என்பதே இல்லை. அவள் மாறமாட்டாள் என்பது அவளுடைய மௌனத்திலேயே முதலிலிருந்து தெரிகிறது. அவளைச் சுற்றியிருக்கும் ஆண்கள், அதிலும் பாண்டி, தாங்கள் செய்துகொண்டிருப்பது என்னவென்று ஒரு கணமாவது பார்ப்பார்களா என்பதே கேள்வி. அவன் பார்த்துவிட்டான். அதற்குமேல் அவன் எடுக்கும் முடிவை இயக்குநர் பார்வையாளரிடம் ஒப்படைக்கிறார். அந்த முடிவை யோசிக்கத் தேவையான அத்தனையும், பாண்டியின் கோபம், வழியில் அவன் அடித்த அடிகள், வீட்டுப் பெண்களின் பயம், ஏற்கனவே கண்முன் வைக்கப்பட்டுவிட்டது. பார்வையாளர் ஏமாற்றம் அடைந்திருக்கலாம். ஆனால் படம் தன் பங்கை முடித்துவிட்டது. திறந்த முடிவு நியாயமானதா என்று பார்க்க இதுவே அளவுகோல்: விடையைச் சொல்லாமல் விட்டவர், விடையை யோசிப்பதற்கான பொருளையாவது கொடுத்திருக்க வேண்டும். அதையும் கொடுக்காமல் கறுப்புத் திரையைக் காட்டினால் அது கதையை முடிக்கத் தெரியாமல் விட்டது என்றுதான் ஆகும்.

இதற்கு இன்னும் தெளிவான சான்று பாலுமகேந்திராவின் 'வீடு' (1988). கட்டி முடியாத ஒரு வீட்டைப் பற்றிய படம் அது, அந்த வீடு கடைசிவரை முடிவதே இல்லை. வாடகை வீட்டைக் காலிசெய்யச் சொன்னதும் சுதா (அர்ச்சனா) இருக்கிற மனையில் ஒன்றை விற்றுக் கடனும் வாங்கிக் கட்டத் தொடங்குகிறாள். காண்டிராக்டர் சிமெண்டில் கைவைக்கிறார். சித்தாளாக வேலைபார்க்கும் மங்கம்மா அதை நேருக்கு நேர் போட்டு உடைக்கிறாள். சொக்கலிங்க பாகவதர் நடித்த தாத்தா ஒருநாள் தனியாகக் கிளம்பிப் போய்ப் பாதி எழும்பிய வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, திரும்பும் வழியில் இறந்துபோகிறார். அதன்பிறகு அந்த இடம் அரசு ஏற்கனவே கையகப்படுத்தியது என்று ஓர் அதிகாரி வந்து சொல்கிறார். வழக்கு நடக்கிறது, தீர்ப்பு வரவில்லை, படம் முடிந்துவிட்டது. இருந்தும் இந்தப் படம் அரைகுறையாகத் தோன்றுவதில்லை. நடுத்தர வர்க்கத்துப் பெண் ஒருத்தி நேர்மையாக ஒரு வீடு கட்ட இந்த நகரம் விடுமா என்ற கேள்விக்கு, ஒவ்வொரு செங்கல்லாக விடை சொல்லியாகிவிட்டது.

அரைகுறைத்தனம் பெரும்பாலும் எழுத்து மேசையிலேயே தொடங்குகிறது. தமிழ்ப் படத்துக்கு இடைவேளை என்று ஒன்று உண்டு. பல கதை விவாதங்களில் 'இன்டர்வல் பிளாக்'தான் முதலில் பிடிக்கப்படுகிறது. தயாரிப்பாளரிடமும் நாயகனிடமும் கதை சொல்லும்போது ஓகே வாங்கித் தருவதும் அதுவே. விளைவாக முதல் பாதி அந்த ஒரு திருப்பத்தை நோக்கிச் சரியாக நகர்கிறது. திருப்பம் நடந்துமுடிந்த பிறகு எழுதியவர் கையில் சரக்கு தீர்ந்துவிடுகிறது. மிச்சமுள்ள ஒன்றேகால் மணி நேரத்தை நிரப்ப ஒரு ஃபிளாஷ்பேக், வில்லனின் ஆட்களோடு இரண்டு சண்டை, ஒரு பாட்டு, கடைசியில் நாயகனின் நீண்ட பேச்சு. "செகண்ட் ஆஃப் இழுவை" என்று சொல்கிறவர் நீளத்தைக் குறை சொல்வதாகத் தோன்றும். நேரம் ஓடுகிறது, ஆனால் எந்தப் பாத்திரமும் புதிதாக எதையும் முடிவெடுக்கவில்லை என்பதுதான் அவர் உண்மையில் சொல்லவருவது.

பெண் பாத்திரங்களுக்கு நேர்வது இதைவிட மோசம். முதல் பாதியில் படிப்பும் வேலையும் கருத்தும் உள்ளவளாக அறிமுகமாகும் நாயகி, காதல் உறுதியானதும் கதையிலிருந்து நழுவிப்போகிறாள். அவளுக்கென்று ஒரு தேவை எழுதப்படவே இல்லை; நாயகனின் தேவைக்குத் துணையாக மட்டுமே அவள் இருந்தாள். "ஹீரோயின் எங்கே போனாங்க?" என்ற கேள்வியைச் சிரிப்பாகக் கேட்கிறார்கள். திரைக்கதையின் ஓட்டையை அதைவிடத் துல்லியமாகக் காட்டும் விமர்சனம் குறைவு.

காட்சியாக வர வேண்டியதைக் குரலால் சொல்வது இன்னொரு நோய். கௌதம் வாசுதேவ் மேனனின் 'எனை நோக்கி பாயும் தோட்டா' 2016 இல் தொடங்கி 2019 நவம்பரில்தான் வெளிவந்தது. அதில் நாயகனின் பின்னணிக் குரல் நிற்காமல் ஓடுகிறது. காதலின் மனநிலையைச் சொல்லும்வரை அந்தக் குரல் இனிக்கிறது. அண்ணனின் வாழ்க்கையும் மும்பைச் சிக்கல்களும் வரும்போது, பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும்படி ஆகிவிடுகிறது. கேட்டுத் தெரிந்துகொண்ட துயரம் மனத்தில் தங்குவதில்லை.

எழுத்து சரியாக அமைந்தால் எல்லாச் சிக்கலும் தீர வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. மகேந்திரனின் 'முள்ளும் மலரும்' (1978) படத்தில் விஞ்ச் ஆபரேட்டர் காளிக்குத் தங்கை வள்ளிதான் உலகம். எஞ்சினியரைக் கண்டால் ஆகாது. அந்த எஞ்சினியரே வள்ளியை மணக்கக் கேட்கிறார். கடைசியில் வள்ளி எல்லாரையும் விட்டு அண்ணனிடம் திரும்பி ஓடிவருகிறாள். அந்த ஒரு நொடியில் காளிக்கு வேண்டியது கிடைத்துவிடுகிறது. தங்கையைத் தானே எஞ்சினியரிடம் ஒப்படைக்கிறான், ஆனால் அவரை இப்போதும் தனக்குப் பிடிக்கவில்லை என்பதையும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறான். வெறுப்பு தீரவில்லை, கதை முடிந்துவிட்டது. பணமில்லாமல் நின்ற கடைசிக் கட்டப் படப்பிடிப்பு கமல்ஹாசனின் உதவியால் நடந்தது என்பதை மகேந்திரனே பல இடங்களில் நன்றியோடு சொல்லியிருக்கிறார். கைப்பணம் குறைந்தும் அந்தப் படம் குறைபடாததற்குக் காரணம், காளிக்கு என்ன வேண்டும் என்பது முதல் காட்சியிலிருந்தே தெளிவாக இருந்ததுதான்.

படப்பிடிப்பு நடக்கும்போதே படம் சிதைவதற்குச் சமீபத்திய பெரிய சான்று 'இந்தியன் 2'. 2019 இல் தொடங்கிய படப்பிடிப்பு 2020 பிப்ரவரியில் கிரேன் சரிந்து மூன்று பேர் உயிரிழந்த விபத்தால் நின்றது. அடுத்துக் கொரோனா, அடுத்துத் தயாரிப்பு நிறுவனத்துக்கும் இயக்குநருக்கும் இடையே வழக்கு. 2022 இல்தான் மறுபடி தொடங்கியது. அதற்குள் அதில் நடித்த விவேக்கும் நெடுமுடி வேணுவும் மறைந்துவிட்டார்கள். எடுத்த காட்சிகள் பெருகி, ஒரு படம் இரண்டாகப் பிரிந்தது. 2024 ஜூலை 12 அன்று வந்தது முதல் பாதி மட்டுமே.

இத்தனை இடரையும் தாண்டிப் படத்துக்குள் அருமையான கேள்வி ஒன்று இருந்தது என்பதே வருத்தம். நாயகன் சேனாபதி இளைஞர்களிடம் ஊழலை முதலில் அவரவர் வீட்டில் தேடச் சொல்கிறார். சித்தார்த் நடித்த இளைஞன் தன் தந்தையையே காட்டிக்கொடுக்கிறான். தாய் தற்கொலை செய்துகொள்கிறாள். கூப்பிட்டு வரவழைத்த ஊரே சேனாபதியைத் திரும்பிப் போகச் சொல்கிறது. நேர்மையின் பெயரால் உடைந்த குடும்பத்துக்கு யார் பொறுப்பு? 1996 இல் வந்த முதல் 'இந்தியன்' இந்தக் கேள்விக்கு நேராக விலை கொடுத்தது: லஞ்சம் தர மறுத்ததால் மகளை இழந்த தகப்பன், லஞ்சம் வாங்கிய மகனைத் தன் கையாலேயே கொன்றான். இரண்டாம் பாகத்தில் கேள்வி எழுந்த இடத்திலேயே துரத்தல் தொடங்குகிறது, பிறகு மூன்றாம் பாகத்தின் முன்னோட்டம் ஓடுகிறது. பார்வையாளர் டிக்கெட் வாங்கியது இந்தப் படத்துக்கு. விடை இருப்பதோ இன்னும் வராத படத்தில்.

இரண்டு பாகமாக எடுப்பதே தவறு என்று சொல்லிவிட முடியாது. மணிரத்னத்தின் 'பொன்னியின் செல்வன்' 2022 செப்டம்பரிலும் 2023 ஏப்ரலிலும் வந்தது. முதல் பாகம் தன்னளவில் ஒரு கட்டத்தில் வந்து நின்றது. அங்கே எழுந்த குறை வேறு வகை. 1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் தொடராக வந்து ஐந்து பாகமான கதையை ஐந்தரை மணி நேரத்துக்குள் அடைக்கும்போது மணிமேகலை காணாமல் போனாள். சேந்தன் அமுதனின் பிறப்பு பற்றிய திருப்பம் நீக்கப்பட்டது. நாவலைப் படித்தவருக்கு இது இழப்பு. படிக்காதவருக்கு நேர்ந்தது வேறு: யார் யாருக்கு என்ன உறவு என்று பிடிபடுவதற்குள் காட்சி மாறிவிட்டது. படித்தவர் பூங்குழலியின் ஒரு பார்வைக்குப் பின்னால் இருப்பதைத் தம் நினைவிலிருந்து நிரப்பிக்கொண்டார், பக்கத்து இருக்கையில் இருந்தவரால் அது முடியவில்லை. நாவலைத் தழுவும் படம் எதை வெட்டினாலும் வெட்டலாம். மிச்சமிருக்கும் பாத்திரத்தின் வேரை மட்டும் புத்தகத்தில் விட்டுவிட்டு வரக்கூடாது.

எடிட் மேசையில் நடப்பது இன்னொரு கதை. 'இந்தியன் 2', 2024 நவம்பரில் வந்த 'கங்குவா' ஆகிய இரண்டிலும் வெளியான சில நாளுக்குள் 12 நிமிடம் வெட்டப்பட்டது. படம் இழுக்கிறது என்ற புகாருக்கு உடனடி மருந்தாக இது இப்போது வழக்கமாகிவிட்டது. பெரும்பாலும் பயனில்லை. வெட்டப்படுவது யாரும் எதிர்க்காத சிறு காட்சிகள்: இருவர் சும்மா பேசிக்கொள்வது, ஒருவர் தயங்குவது, அம்மா சாப்பாடு போடுவது. பாத்திரங்களை மனிதர்களாக்குவதே அவைதான். சண்டையும் பாட்டும் செலவு செய்து எடுத்தவை என்பதால் தப்பிவிடுகின்றன. படம் குட்டையாகிறது, வெறுமை கூடுகிறது. ஹாலிவுட்டில் ஆர்சன் வெல்ஸின் 'தி மேக்னிஃபிசென்ட் ஆம்பர்சன்ஸ்' (1942) படத்துக்கு நேர்ந்ததும் இதுவே. அவர் பிரேசிலில் இருந்தபோது ஆர்.கே.ஓ. நிறுவனம் 40 நிமிடத்துக்கு மேல் வெட்டி எறிந்து, இனிப்பான வேறு முடிவை எடுத்துச் சேர்த்தது. வெட்டிய படச்சுருளும் அழிக்கப்பட்டுவிட்டது. இன்று அந்தப் படத்தைப் பார்க்கிறவர் ஒரு பெரிய படைப்பின் மிச்சத்தைத்தான் பார்க்கிறார்.

இடமும் ஒரு பாத்திரம். அதுவும் எழுதப்படாமல் விடப்படலாம். தமிழ்ச் சினிமா அந்தமானுக்கு வந்து நெடுங்காலம் ஆகிறது. முக்தா சீனிவாசன் இயக்கி சிவாஜி கணேசனும் சுஜாதாவும் நடித்த 'அந்தமான் காதலி' வந்தது 1978 இல். அதற்குப் பிறகும் இந்தத் தீவுகள் பாட்டுக்குக் கடற்கரையாகவும், நாயகன் தப்பி ஓடும் தூரத்து ஊராகவும்தான் அதிகம் வந்துள்ளன. இங்கே ஹேடோவில் பார்க்கிறவருக்கு அந்தப் படங்களில் ஒரு குறை உடனே தட்டுப்படும்: இவ்வளவு கடலைக் காட்டுகிறார்கள், இங்கே வாழ்கிறவர் எவரும் கண்ணில் படவில்லையே. பிரியதர்ஷனின் 'காலாபானி' (1996), தமிழில் 'சிறைச்சாலை', இதிலிருந்து விலகி நின்றது. மோகன்லாலும் பிரபுவும் நடித்த அந்தப் படத்தின் கதை செல்லுலார் சிறை இல்லாமல் நகராது. 1960களில் ஒருவன் தன் அத்தையின் கணவரைத் தேடி இங்கே வருவதாகக் கதை திறக்கிறது. அந்தத் தேடலுக்குப் படம் முடிவதற்குள் விடை கிடைத்துவிடுகிறது. பாட்டும் நகைச்சுவையும் நிறைந்த வணிகப் படம்தான். இருந்தும் தொடங்கியதை முடித்தது. ஏழு சிறகுகளில் மூன்றே எஞ்சி நிற்கும் அந்தச் சிறையைத் தினமும் கடந்துபோகிற ஊருக்கு, அந்தப் படம் இன்னும் பேச்சில் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பார்க்கும் விதத்தாலும் ஒரு முழுப்படம் அரைகுறையாகத் தெரியலாம். சென்னையிலிருந்து சுமார் 2,300 கிலோமீட்டர் நீளக் கடலடி இணையக் கேபிள் 2020 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்படும்வரை, இந்தத் தீவுகளில் வீட்டிலிருந்தபடி இணையத்தில் படம் பார்ப்பது பெரும்பாடு. பென் டிரைவில் கைமாறி வந்த பிரதியும் தொலைக்காட்சியும்தான் துணை. 'ஏ' சான்றிதழ் பெற்ற படம் தொலைக்காட்சிக்கு வர வேண்டுமானால் வெட்டப்பட்டு மறுசான்று பெற வேண்டும்; அதற்குமேல் விளம்பர இடைவெளிகள். அப்படிப் பார்த்த படத்தின்மேல் தீர்ப்பு சொல்வதற்குமுன் அது முழுப் பிரதிதானா என்று பார்த்துக்கொள்வது நல்லது. செல்பேசியில் பத்துப் பத்து நொடியாகத் தள்ளிவிட்டுப் பார்ப்பவருக்கு 'கொட்டுக்காளி' நிச்சயம் புரியாது. அந்தப் படத்தின் கதையே அவர் தள்ளிவிட்ட மௌனத்தில் இருக்கிறது.

குறும்படம் எடுப்பவர்களுக்கு ஹேடோவே ஒரு நல்ல கதையைக் கையில் கொடுக்கிறது. சென்னைக் கப்பல் ஹேடோ துறைமுகத்தை வந்தடைய ஏறக்குறைய மூன்று நாள் ஆகும். நடுக்கடலில் செல்பேசிக்குச் சிக்னல் கிடையாது. அம்மாவுக்கு மருந்து வாங்கச் சென்னை போன அண்ணன் கப்பல் ஏறிவிட்டான் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டாம் நாள் அம்மா இறந்துபோகிறார். அவனுக்குத் தெரியாது, தெரிவிக்கவும் வழியில்லை. துறைமுக வாயிலில் தங்கை காத்திருக்கிறாள்.

இதைப் படமாக்கும்போது முதலில் கைக்கு வருவது கடல், கப்பலின் சங்கு, அவளுடைய கண், வயலின், கட்டிப்பிடித்து அழுகை, கடைசியில் திரையில் ஒரு வாசகம். பார்ப்பவர் நல்லா இருக்கு என்பார். ஏதோ குறையுது என்பதையும் சேர்த்துக்கொள்வார். குறைவது அவளுடைய கேள்வி. அவள் வருத்தப்படுவது எல்லாருக்கும் தெரிகிறது. அவள் எதைத் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது என்பது தெரியவில்லை. வாயிலிலேயே சொல்வதா, வீடுவரை அழைத்துப்போய்ச் சொல்வதா? உடன் வந்த சித்தப்பா, "ரோட்டுல வெச்சு எதுவும் சொல்லாதம்மா, பையன் தாங்கமாட்டான்" என்கிறார். அவளோ, வழியில் அறிமுகக்காரர் எவராவது துக்கம் விசாரித்துவிட்டால் என்ன ஆகும் என்று பயப்படுகிறாள். இப்போது ஆட்டோக்காரர், டீக்கடை, எதிரே வரும் பக்கத்து வீட்டம்மா என எல்லாருமே கதைக்குள் வந்துவிடுகிறார்கள். துறைமுகத்துக்குள் படமெடுக்க அனுமதி வேண்டும் என்பதால் கப்பலைக் காட்ட முடியாமல் போகலாம். கதை வாயிலுக்கு வெளியே நடப்பதால் அதனால் நஷ்டமில்லை. அண்ணன் மருந்துப் பையோடு வெளியே வந்து, அம்மா சாப்பிட்டாங்களா என்று கேட்கிறான். படம் அங்கேயே நிற்கலாம், அவள் சொல்லிமுடிக்கும்வரை போகவும் செய்யலாம். எதைத் தேர்ந்தாலும் அது முழுப்படமே.

எடிட் முடிந்ததும் ரஃப் கட்டைக் கதை தெரியாத நாலைந்து பேரிடம் காட்டுவது உதவும். குழுவில் இருப்பவர்களால் ஓட்டைகளைக் காண முடியாது. காகிதத்தில் இருந்தது, எடுக்காமல் விட்டது, வெட்டியது எல்லாம் அவர்கள் நினைவில் இருப்பதால் அவர்களே நிரப்பிக்கொள்வார்கள். புதிதாகப் பார்க்கிறவரிடம் பிடித்ததா என்று கேட்டால் பிடித்தது என்றுதான் பதில் வரும். அதைவிட, அந்தத் தங்கச்சிக்கு என்ன வேண்டும், எந்த இடத்தில் அது தெரிந்தது, எந்த இடத்தில் கவனம் போயிற்று என்ற மூன்றைக் கேட்கலாம். முதல் கேள்விக்கு ஆளுக்கொரு பதில் வந்தால் திருத்த வேண்டியது எழுத்து. பதில் ஒன்றாக இருந்து, தெரிந்த இடம் மிகத் தாமதமாக வந்தால் காட்சிகளின் வரிசையை மாற்றினால் போதும். கவனம் போன இடமாக எல்லாரும் ஒரே காட்சியைச் சொன்னால், அதை வெட்டுவதற்குமுன் அதற்கு முந்தைய காட்சியைப் பார்க்க வேண்டும். குறை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.